கிருசாந்தி எழுத மறுத்த வரி

கிருசாந்திக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஏன் என்று கேட்டுவிட்டால் பதில் வரும்வரை இடத்தைவிட்டு அசையமாட்டாள். கிண்டர்கார்டனில், மத்தியானத்தில் ஏன் நித்திரை கொள்ளவேண்டும் என்று கேட்டு ஆசிரியையை அழவைக்காத குறை. பிறகு கணக்கு வாத்தியாரைக் கேட்டாள், கோயில் ஐயரைக் கேட்டாள், வீட்டு உரிமையாளரைக் கேட்டாள். "இந்த வாயோடை நீ எங்கை போய்ப் பிழைக்கப்போறாய்?" என்று தாய் ரஞ்சினி தலையில் கை வைத்தாள். பிழைத்துக்கொண்டாள். கேள்வி கேட்பதற்கே சம்பளம் தருகிற வேலை ஒன்று கொலோன் நகரத்தில் அவளுக்குக் காத்திருந்தது.

அது கைபேசிச் செயலிகள் செய்கிற ஒரு சிறிய நிறுவனம். திரையில் ஒரு பெயரைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால், பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி துள்ளி எழும்புமே, இதை அனுப்பு, அதை அழி, மற்றதை மாற்று என்று நாலைந்து தெரிவுகளோடு? அந்தப் பெட்டிகளைக் கட்டுவதுதான் அவளுடைய வேலை. இதென்ன பெரிய வித்தை என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். அந்தப் பெட்டியில் ஒரு தெரிவு ஒருவருக்குத் தெரியவேண்டும், இன்னொருவருக்குத் தெரியக்கூடாது என்றால், அதற்கு ஒரு காரணத்தை எழுத்தில் கொடுக்கவேண்டும். காரணம் இல்லாமல் கணினி எதையும் மறைக்காது. மனிதர்கள் தாராளமாக மறைப்பார்கள்.

கிருசாந்தி அதைச் சின்ன வயதிலேயே கண்டவள். ரைன்கரைத் தமிழ் மன்றத்தின் பொங்கல் விழா என்றால் மண்டப வாசலில் ரஞ்சினிதான் நிற்பாள். கையில் பன்னீர்ச்செம்பு, பக்கத்தில் சந்தனம், குங்குமம், கற்கண்டு. வருகிறவர்களின் குளிர் அங்கிகளைப் பார்த்துப் பார்த்து, மேலே படாமல் கையில் மட்டும் பன்னீர் தெளிப்பாள். சனம் சிரித்துக்கொண்டு உள்ளே போகும். கிருசாந்தி ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போது தகப்பன் போனார். உணவகக் குசினியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழும்பவில்லை. அடுத்த பொங்கலுக்கு ரஞ்சினி வழமைபோல வாசலில் போய் நின்றாள். தலைவரின் மனைவி சிவகௌரி வந்து, மிக மெதுவாக, மிக அன்பாக, செம்பைக் கையிலிருந்து வாங்கினாள். "நீங்கள் உள்ளுக்கு வாங்கோ பிள்ளை. தேத்தண்ணி ஊத்த ஆள் இல்லை." அவ்வளவுதான். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ரஞ்சினியும் ஏனென்று கேட்கவில்லை. கேட்டது கிருசாந்தி. "அம்மா, ஏன்?" அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவளுக்கு இன்றுவரை பதில் வரவில்லை.

அதற்குப் பிறகு ரஞ்சினிக்கு மன்றத்தில் இரண்டு வேலைகள். ஒன்று வெங்காயம். மற்றது இன்னும் விசேஷமானது. மண்டபத்துக்குள் நெருப்புக் கொளுத்துவதென்றால், கொளுத்திய நெருப்பு அணையும்வரை ஒருவர் தீயணைப்புச் சிலிண்டரோடு பக்கத்தில் நிற்கவேண்டும் என்பது வாடகை ஒப்பந்தத்தில் உள்ள நிபந்தனை. ரஞ்சினி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அங்கே நெருப்பு அணைக்கப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஆகவே ஒவ்வொரு பொங்கலுக்கும் சிவகௌரி பட்டுச்சேலை சரசரக்கக் குத்துவிளக்கை ஏற்றுவாள். திரைக்குப் பின்னால் ரஞ்சினி சிவப்புச் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பாள். விளக்கை ஏற்ற அவளுக்கு ராசியில்லை. மண்டபம் பற்றினால் அணைக்க மட்டும் ராசி வந்துவிடும். இந்த நியாயத்தை நினைக்கும்போதெல்லாம் கிருசாந்திக்குப் பத்திக்கொண்டு வரும்.

இப்படி இருக்கையில், விழா வேலைகளைப் பகிர்ந்துகொள்ள ஒரு செயலி செய்துதரும்படி மன்றம் அவளையே கேட்டது. செயலாளர் தபோதரன் வருசாவருசம் வீடு வீடாக ஃபோன் அடித்துத் தொண்டை கட்டிப்போகிறவர். "பிள்ளை, என்னைக் காப்பாத்து" என்றார். கிருசாந்தி மகிழ்ச்சியோடு செய்தாள். திரையில் அங்கத்தவர்களின் பெயர்கள். உங்கள் பெயரை அழுத்திப் பிடித்தால் பெட்டி எழும்பும். வரவேற்பு, விளக்கேற்றல், சமையல், பரிமாறல், மேடை, ஒலி, வாகனத் தரிப்பிடம், தீப்பாதுகாப்பு, துப்புரவு. விரும்பியதைத் தொட்டால் அது உங்கள் பெயருக்குப் பக்கத்தில் போய் உட்காரும். ஆணென்றும் பெண்ணென்றும், தலைவரென்றும் தொண்டரென்றும் இல்லை. எல்லோருக்கும் ஒரே பெட்டி.

பார்த்த எல்லோரும் புகழ்ந்தார்கள். தலைவர் சிவகுருநாதன் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. அகதியாய் வந்த எத்தனையோ பேருக்கு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி மொழிபெயர்த்துக் கொடுத்தவர். கெட்டவரென்றால் சண்டை லேசாக முடிந்திருக்கும்.

"எல்லாம் திறம், பிள்ளை. ஒரு சின்ன வேலைதான் மிச்சம். உந்த வரவேற்பும் விளக்கேற்றலும் எல்லாருக்கும் வரத்தேவையில்லை."

"ஆருக்கு வரக்கூடாது, மாமா?"

"அது... உனக்குத் தெரியுந்தானே."

"எனக்குத் தெரியும். கொம்பியூட்டருக்குத் தெரியாது. அதுக்கு வாய் திறந்து சொல்லவேணும்."

அவர் சிரித்து மழுப்பினார். "ஞாயிற்றுக்கிழமை கூட்டத்திலை கதைப்பம்."

கதைக்கத்தான் வேண்டும் என்று கிருசாந்தியும் நினைத்தாள். அதற்குள் ஒரு வரியை மட்டும் எழுதி, மடிக்கணினியையும் காவிக்கொண்டு போனாள்.

மன்றத்தின் அறை கால்க் பகுதியில், ஒரு பலசரக்குக் கடைக்குப் பின்னால் இருந்தது. மேசையில் றோல்ஸ் பலகாரம், பால் விடாத பிளேன்ரீ. தலைவர், சிவகௌரி, தபோதரன், இன்னும் சில குழு உறுப்பினர்கள். தொழில்நுட்ப ஆலோசகர் என்ற பெயரில் ராகவ் இருந்தான். கோயம்புத்தூர்க்காரன், பான் நகரில் பெரிய கணினி வேலை. யாரோடும் பகைக்காமல் வாழக் கற்றுக்கொண்ட பிள்ளை.

கிருசாந்தி மடிக்கணினியைச் சுவர்த் தொலைக்காட்சியில் இணைத்தாள். பெரிய எழுத்தில் ஒரே ஒரு வரி தெரிந்தது. "இவருக்கு விளக்கேற்றல் என்ற தெரிவைக் காட்டாதே, ஏனென்றால்". அதற்குப் பக்கத்தில் வெற்றிடம். அந்த இடத்தில் ஒரு கோடு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

"மறைக்கச் சொன்னீங்கள். மறைக்கிறதெண்டால் காரணம் போடவேணும். ஆராவது வந்து எழுதுங்கோ," என்று சொல்லி விசைப்பலகையை மேசை நடுவில் தள்ளிவிட்டாள்.

றோல்ஸ் கடித்துக்கொண்டிருந்த வாய்கள் நின்றன. தபோதரன்தான் முதலில் செருமினார். "பழக்கவழக்கம் எண்டு போடன் பிள்ளை."

"ஆரின்ரை பழக்கம், மாமா? அம்மான்ரை பழக்கம் வாசலிலை நிண்டு பன்னீர் தெளிக்கிறது. அதை நிப்பாட்டினது நீங்கள்."

சிவகௌரி குரலைத் தாழ்த்தினாள். "கோவிக்காதை குஞ்சு. மங்களகரமான காரியம். மங்களம் பாக்கத்தானே வேணும்."

"சரி அன்ரி. அப்ப, இவர் மங்களம் இல்லை எண்டு எழுதட்டோ? அம்மான்ரை பேருக்கு நேரை வரும். அம்மா ஃபோனைத் திறந்து பாக்கேக்கை அவவுக்கு விளங்கும், தான் அமங்களம் எண்டு. எழுதட்டோ?"

"ஐயோ, நான் அப்பிடிச் சொல்லேல்லை!"

"சொல்லாமல்தானே இவ்வளவு காலமும் நடத்தினீங்கள்!" கிருசாந்தியின் குரல் உயர்ந்துவிட்டது. உயரட்டும் என்றே விட்டாள். "புஷ்பமலர் அன்ரியை என்ன செய்யிறது? அவவின்ரை மனிசன் கனடாவிலை வேறை குடும்பமாய் இருக்கிறார். ஆள் உயிரோடைதான். அவ விளக்குக் கொளுத்தலாமோ? கொளுத்தலாமெண்டால் ஏன் ஒருக்காலும் கூப்பிடேல்லை? எல்லாத்துக்கும் எனக்கு விதி வேணும். விதி இல்லாமல் பெட்டி வேலை செய்யாது."

தலைவர் மேசையில் தட்டினார். "காணும்! இது வீட்டுச் சண்டை பிடிக்கிற இடமில்லை. தம்பி ராகவ், உம்மாலை இதைச் செய்ய ஏலுமோ?"

ராகவ் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "டெக்னிக்கலா ரொம்ப சிம்பிள் சார். அஞ்சு நிமிஷ வேலை."

"அப்ப செய்யும்."

அவன் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தான். விரல்களை வைத்தான். சுவரில் கோடு மின்னியது. அறை முழுக்க அந்த வெற்றிடத்தையே பார்த்தது. "க" என்று ஒரு எழுத்து வந்தது. "கண" என்று ஆனது. பிறகு அவனே இரண்டையும் அழித்தான். காது மடல்கள் சிவந்துபோயின.

"சார், ரிக்வயர்மென்ட் கிளியரா இல்லை. யார் யாருக்கு, என்ன காரணம்னு நீங்க எழுத்துல குடுத்துடுங்க. கமிட்டி கையெழுத்தோட. அப்புறம் நான் பண்ணிடறேன்."

"இதுக்கும் ஆன்ட்ராக் கேக்கிறீரோ?" என்று தலைவர் சீறினார். ஜெர்மனியில் எத்தனையோ ஆன்ட்ராக் விண்ணப்பங்களைச் சளைக்காமல் நிரப்பிய மனிதர், இதை எழுத மட்டும் பேனாவை எடுக்கவில்லை. வேறு யாரும் எடுக்கவில்லை. வேண்டுமென்றால் விளக்கே வேண்டாம், பற்றரி விளக்கு வைப்போம் என்று தபோதரன் ஒரு சமாதானம் சொன்னார். "பொங்கலுக்குப் பற்றரியோ?" என்று தலைவர் அவர்மேல் பாய்ந்தார்.

கிருசாந்தி மடிக்கணினியை மூடினாள். "செயலி வேண்டாமெண்டால் இப்பவே எடுத்துவிடுறன். தபோ மாமா திரும்ப ஃபோன் அடிக்கட்டும். வேணுமெண்டால், எல்லாருக்கும் ஒரே பெட்டிதான். அந்த வரியை நான் எழுதமாட்டன். இண்டைக்கும் மாட்டன், நாளைக்கும் மாட்டன்."

தபோதரன் பயத்தோடு தன் தொண்டையைத் தடவிக்கொண்டார். செயலி தப்பியது.

வெற்றி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவளை ரஞ்சினி வாசலிலேயே மறித்தாள். செய்தி அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

"என்னை அவையளுக்கு முன்னாலை வைச்சு ஏலம் போட்டனியோ?"

"இல்லையம்மா, நான்..."

"விளக்குக் கொளுத்த எனக்கு ஆசை எண்டு நான் உனக்குச் சொன்னனானோ? அமங்களம் எண்ட சொல்லை இவ்வளவு காலமும் ஒருதரும் என்ரை பேரோடை சேத்துச் சொன்னதில்லை. நீதான் முதல் சொல்லியிருக்கிறாய். என்ரை பிள்ளை!"

கிருசாந்திக்கு முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. தாய் சொன்னது உண்மைதான். ஆனால் பின்வாங்கவும் மனம் வரவில்லை. "அவையள் சொல்லாமல் செய்தவை. நான் செய்யாமல் சொன்னனான். எது அம்மா மோசம்?" என்றாள். ரஞ்சினி குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அந்த வீட்டில் சில நாட்களுக்குச் சாப்பாடு மட்டும்தான் பேசிக்கொண்டது.

செயலி வெளியானது. பெயர்களுக்குப் பக்கத்தில் வேலைகள் வந்து உட்காரத் தொடங்கின. மன்றத்தில் எல்லோரும் எல்லோருடைய தெரிவையும் பார்க்கலாம் அல்லவா? ஆகவே சனம் தன் பெயரைப் பார்த்ததைவிட ரஞ்சினியின் பெயரைப் பார்த்ததுதான் அதிகம். அது வெறுமையாகவே கிடந்தது. ஒரு காலை கிருசாந்தி ட்ராமில் நின்றபடி திரையைத் திறந்தாள். ரஞ்சினி: தீப்பாதுகாப்பு.

இவ்வளவு பாடுபட்டுக் கதவைத் திறந்துவிட்டால், மனுசி தானாகவே திரைக்குப் பின்னால் போய் நிற்கிறாளே என்று அழுகையும் கோபமுமாக வந்தது. இறங்கவேண்டிய தரிப்பிடத்தைக்கூட விட்டுவிட்டாள். ஆனாலும் தாயிடம் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டி எல்லோருக்கும் ஒன்றுதான். அதில் எதைத் தொடுவது என்பது தொடுகிறவரின் உரிமை. இதைத்தானே அவள் அந்தக் கூட்டத்தில் கத்தினாள்?

காரியத்தைத் திருப்பியது கிருசாந்தி அல்ல. சிவகௌரிதான். சனிக்கிழமை காலை ரஞ்சினி கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். கை ஈரம். ஃபோனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு வெட்டினாள். எதிரே கிருசாந்தி கோப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள்.

"ரஞ்சினி, பாத்தனான். நெருப்புப் பாக்கிறதைப் போட்டிருக்கிறீங்கள். உங்கடை நல்ல மனசு எனக்குத் தெரியும் பிள்ளை. பிள்ளையள் இங்கை பிறந்ததுகள், அதுகளுக்கு விளங்காது. நீங்கள் உங்கடை இடம் தெரிஞ்ச ஆள்."

"ஓம் அக்கா."

"அதுதான் மரியாதை. எல்லாரும் உங்களைப் பற்றித்தான் பெருமையாய்க் கதைக்கினம்."

"ஓம் அக்கா. வைக்கிறன்."

ரஞ்சினி கத்தியை மெதுவாக வைத்தாள். கையைத் துவாயில் துடைத்தாள், ஒவ்வொரு விரலாக.

"உங்கடை இடம் தெரிஞ்ச ஆள்," என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். கிருசாந்தி வாயைத் திறக்கவில்லை. அவள் வாழ்க்கையில் அதைவிடக் கடினமான காரியம் எதையும் செய்ததில்லை.

"அண்டைக்கு என்ரை கையிலையிருந்து செம்பை வாங்கேக்கை நான் நினைச்சனான், பாவம், மனுசிக்கு என்னிலை இரக்கம் எண்டு. இவ்வளவு காலமும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு நிண்டனான்." ரஞ்சினி துவாயை மேசையில் போட்டாள். "நான் இடம் தெரிஞ்சு நிக்கேல்லையடி. இரக்கப்பட்டதுக்கு நன்றியாய் நிண்டனான்."

ஃபோனை எடுத்தாள். தன் பெயரை அழுத்திப் பிடித்தாள். பெட்டி எழும்பியது. மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது தெரிவைத் தொட்டாள். பெட்டி மூடிக்கொண்டது.

ரஞ்சினி: விளக்கேற்றல்.

பிறகு கத்தியை எடுத்து மிச்ச லீக்ஸை வெட்டினாள். வெட்டி முடிவதற்குள் ஃபோன் மறுபடி அடித்தது.

"பிள்ளை, உங்கடை பேரிலை ஏதோ பிழையாய்க் காட்டுது," என்றாள் சிவகௌரி. "கை மாறிப் பட்டுட்டுது போலை. உடனை மாத்திவிடுங்கோ, ஆக்கள் பாக்க முந்தி. மாத்தத் தெரியாட்டில் கிருசாந்தியட்டைக் குடுங்கோ."

"மாத்தத் தெரியும் அக்கா," என்றாள் ரஞ்சினி. "மாத்தமாட்டன்."

கிருசாந்தி கோப்பையை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. அன்று பின்னேரம் திரையில் இன்னொரு பெயருக்குப் பக்கத்திலும் அதே சொல் வந்து உட்கார்ந்திருந்தது. புஷ்பமலர்: விளக்கேற்றல்.

பொங்கலன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. வழக்கமாக நிகழ்ச்சி தொடங்கிப் பாதியில் வருகிறவர்கள்கூட நேரத்துக்கு வந்திருந்தார்கள். சண்டை பார்க்க நம்மவர்கள் பிந்துவதில்லை. ரஞ்சினி குங்குமப்பூ நிறப் பட்டு கட்டியிருந்தாள். பெட்டிக்குள் கிடந்து மடிப்புத் தடம் விழுந்த சேலை. கிருசாந்தி அதை இஸ்திரி போட்டு அழுத்தித் தரட்டுமா என்று கேட்டதற்கு, "கிடக்கட்டும். எவ்வளவு காலம் மடிச்சுக் கிடந்ததெண்டு எல்லாரும் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

மேடையில் குத்துவிளக்கு தயார். சிவகௌரி மெழுகுதிரியோடு நின்றாள். அப்போது மண்டபத்தைப் பராமரிக்கும் ஜெர்மன்காரர், ஹவுஸ்மைஸ்டர், சிவப்புச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். ஒவ்வொரு வருசமும் வாங்குகிற ஆளைத் தேடினார். ரஞ்சினியைக் கண்டதும் முகம் மலர்ந்து நீட்டினார். அவள் தலையை ஆட்டினாள்.

"இன்றைக்கு நான் இல்லை. நான் விளக்கேற்றப்போகிறேன்," என்றாள் ஜெர்மனில்.

"அப்படியானால் யார்? ஆள் இல்லாமல் தீக்குச்சி உரசக்கூடாது."

எல்லோரும் ஃபோனைத் திறந்து பார்த்தார்கள். தீப்பாதுகாப்புக்கு ஒரு பெயரும் இல்லை. அது எப்போதும் ரஞ்சினியின் வேலை என்பதால் வேறு ஒருவரும் அதைத் தொட்டதே இல்லை. தபோதரன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு மேல்கூரையைப் பார்த்தார். ஹவுஸ்மைஸ்டர் ஒப்பந்தக் கடதாசியை விரித்தார்.

"கையெழுத்துப் போட்டவர் ஹெர் சிவகுருநாதன். அப்ப நீங்கள்தான்."

பட்டு வேட்டி, சால்வையோடு நின்ற தலைவரின் கைகளில் சிலிண்டர் வந்து சேர்ந்தது. சபையில் யாரோ பெரிதாகச் சிரித்தார்கள். சிரித்தது யாரென்று பார்க்க அவர் திரும்பவில்லை. திரைக்குப் பக்கத்தில் போய், ரஞ்சினி வருசாவருசம் நின்ற அதே இடத்தில் நின்றார்.

தபோதரன் பெயர்களை வாசித்தார். சிவகௌரியின் பெயர் வந்தது. அடுத்து அவர் செருமினார், தண்ணீர் குடித்தார், மறுபடி செருமினார். ரஞ்சினி தன் பெயருக்காகக் காத்திருக்கவில்லை. நடந்தாள். பின்னால் புஷ்பமலர் நடந்தாள். சிவகௌரி முதல் திரியை ஏற்றிவிட்டு, மெழுகுதிரியை ரஞ்சினியின் கையில் கொடுக்காமல் தட்டத்தில் வைத்தாள். ரஞ்சினி அதைத் தட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டாள். திரி உடனே பிடிக்கவில்லை. அவள் அவசரப்படவில்லை. கீழே முதல் வரிசையில் கிருசாந்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிடித்தது. சுடர் நிமிர்ந்து நின்றது. மண்டபம் பற்றவில்லை.

ரஞ்சினி மெழுகுதிரியைப் புஷ்பமலரின் கையிலேயே கொடுத்தாள். பிறகு திரும்பி, திரைக்குப் பக்கத்தில் சிலிண்டரை நெஞ்சோடு அணைத்தபடி நின்ற தலைவரைப் பார்த்தாள்.

"பயப்பிடாதேங்கோ அண்ணை," என்றாள். "ஏதும் நடந்தால் முதல் அந்தச் சிலிண்டர் ஊசியை இழுக்கவேணும். விளக்கு அணையிறவரைக்கும் அங்கையே நில்லுங்கோ."